லிப்பிட் புரொஃபைல் அறிக்கையைப் படிப்பது முதல் மாத்திரை வரை: கொலஸ்ட்ரால் குறித்த முழுமையான வழிகாட்டி

லேப்பிலிருந்து வரும், ரத்தக் கொழுப்புகளின் அளவைக் காட்டும் லிப்பிட் புரொஃபைல் அறிக்கையைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானோரின் கண் முதலில் போய் நிற்பது மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற வரியில்தான். அது 200க்குக் கீழே இருந்தால் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். 230 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் அன்று மாலையே முட்டையையும் நெய்யையும் நிறுத்திவிடுகிறோம். இரண்டு முடிவுகளுமே தவறாகப் போக வாய்ப்புண்டு. அறிக்கையில் உள்ள எண்களில் நமக்கு மிகக் குறைவாகச் செய்தி சொல்வது மொத்தக் கொலஸ்ட்ரால்தான். மற்ற எண்களும்கூட, அவை யாருடைய எண்கள் என்று தெரியாமல் முழுப் பொருளைத் தருவதில்லை.

படி 1: உணவில் உள்ளதையும் ரத்தத்தில் உள்ளதையும் பிரித்தறிதல்

கொலஸ்ட்ரால் நஞ்சு அன்று. உடலின் ஒவ்வொரு உயிரணுவின் சவ்விலும் அது இருக்கிறது. பித்த அமிலங்களும், வைட்டமின் டி-யும், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டீரோன் போன்ற ஹார்மோன்களும் அதிலிருந்தே உருவாகின்றன. பித்தப்பைக் கற்களில்தான் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது. பித்தம், திடப்பொருள் என்ற பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1815இல் பிரெஞ்சு வேதியியலர் செவ்ரல் அதற்குப் பெயரிட்டார்.

உடலுக்குத் தேவையான கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு உண்டு. உணவில் கூடுதலாக வந்தால், பலருடைய உடல் தன் தயாரிப்பை ஓரளவு குறைத்துச் சரிக்கட்டிக்கொள்கிறது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருந்தும், அதைத் தின்றவரின் ரத்த அளவு அதே விகிதத்தில் ஏறாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்ணக் கூடாது என்ற பழைய எண் வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் கைவிட்டுவிட்டன. ரத்த அளவை அதைவிட வலுவாக உயர்த்துவது நெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு; அது எப்படி என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

எண்ணெய்ப் பாக்கெட்டுகளில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். கொலஸ்ட்ரால் விலங்குணவுகளில்தான் பொருட்படுத்தத்தக்க அளவில் இருக்கும். கடலையிலிருந்தோ எள்ளிலிருந்தோ பனையிலிருந்தோ எடுத்த எந்த எண்ணெய்க்கும் அந்த வாசகம் பொருந்தும். தண்ணீர்ப் புட்டியில் ‘எலும்பு இல்லாதது’ என்று ஒட்டுவதைப் போன்றதே அது. பாக்கெட்டின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: சோதனைக்குச் செல்லும் முறை

வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டுமா என்பது வழக்கமான கேள்வி. மொத்தக் கொலஸ்ட்ராலும், எச்.டி.எல். என்ற ‘நல்ல’ கொலஸ்ட்ராலும் உணவுக்குப் பிறகு பெரிதாக மாறுவதில்லை; டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மட்டுமே கணிசமாக ஏறும். ஆகவே முதல் சோதனையைச் சாப்பிட்ட பின்பும் செய்யலாம் என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட நிலைப்பாடு. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டி வந்தால், அல்லது முன்பே அது உயர்ந்திருப்பது தெரிந்திருந்தால், 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து மறுபடி கொடுக்க வேண்டும்; தண்ணீர் குடிக்கலாம்.

கடுங்காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, மாரடைப்பு ஆகியவற்றுக்குப் பின் சில வாரங்களுக்கு எல்.டி.எல். என்ற ‘கெட்ட’ கொலஸ்ட்ரால் வழக்கத்தைவிடக் குறைந்து காட்டும். கர்ப்ப காலத்தில் இயல்பாகவே உயரும். இவற்றை மனத்தில் கொள்ளாமல் அந்த எண்ணை நம்புவது பிழை. முடிந்தவரை ஒரே லேப்பில் சோதித்துக்கொள்வதும், பழைய அறிக்கைகளைத் தேதி வரிசையில் சேர்த்து வைப்பதும் பின்னால் உதவும்.

படி 3: அறிக்கையை வரி வரியாகப் படித்தல்

எண்ணெயும் தண்ணீரும் கலக்காததைப் போலக் கொலஸ்ட்ராலும் ரத்தத்தில் தனியாகக் கரையாது. புரதம் போர்த்திய நுண்ணிய துகள்களில் ஏறித்தான் அது பயணம் செய்கிறது. கல்லீரலிலிருந்து புறப்பட்டு உடலெங்கும் சுற்றுபவற்றில் முக்கியமானது எல்.டி.எல். துகள், திசுக்களிலிருந்து கல்லீரலுக்குத் திரும்பக் கொண்டுவருவது எச்.டி.எல். டிரைகிளிசரைடு என்பது கொலஸ்ட்ராலே அன்று; அது ஆற்றலுக்காகச் சேமித்து வைக்கப்படும் கொழுப்பு.

டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அலகில், எல்.டி.எல். 100க்குக் கீழே இருப்பது நல்லது. 130 முதல் 159 வரை எல்லைநிலை. 160க்கு மேல் உயர்வு. 190க்கு மேல் மிக உயர்வு. எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறைந்தால் குறைவு எனப்படும். டிரைகிளிசரைடு 150க்குக் கீழே இருக்க வேண்டும். அது 500ஐத் தாண்டினால் இதயத்தைவிடக் கணையத்தைப் பற்றிய கவலை முந்திக்கொள்ளும், ஏனெனில் கணைய அழற்சி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளில் உள்ளவர்களுக்கு அறிக்கை மில்லிமோல் கணக்கில் வரும். கொலஸ்ட்ரால் எண்களை 38.67ஆலும், டிரைகிளிசரைடை 88.57ஆலும் பெருக்கினால் இந்தியக் கணக்கு கிடைக்கும்.

பல லேப்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை. 1972இல் ஃப்ரீடுவால்டு வகுத்த வாய்ப்பாட்டின்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து அதைக் கணக்கிடுகிறார்கள். டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் இந்த வாய்ப்பாடு செல்லாது.

இப்போது இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். முதலாமவருக்கு மொத்தம் 230, எச்.டி.எல். 65, டிரைகிளிசரைடு 100, கணக்கிட்டால் எல்.டி.எல். 145. இரண்டாமவருக்கு மொத்தம் 195, எச்.டி.எல். 30, டிரைகிளிசரைடு 275, எல்.டி.எல். 110. மொத்தத்தை மட்டும் பார்த்தால் முதலாமவர் பதறுவார், இரண்டாமவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பார்த்தால் இருவருக்கும் 165தான் வருகிறது. எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் எனப்படும் இந்த எண், ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய துகள்கள் எல்லாவற்றிலும் உள்ள கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை. அறிக்கையில் அச்சாகாவிட்டாலும் ஒரு கழித்தலில் கிடைத்துவிடும் இந்த எண்ணை நான் முதலில் பார்ப்பேன், அதிலும் சர்க்கரை நோயாளிகளின் அறிக்கையில்.

இரண்டாமவரின் அறிக்கை நம் நாட்டில் அரிதானதும் அன்று. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று நடந்து, 2014இல் முடிவுகள் வெளியாயின. சோதிக்கப்பட்டவர்களில் 72.3 விழுக்காட்டினருக்கு எச்.டி.எல். குறைவாகவும், 29.5 விழுக்காட்டினருக்கு டிரைகிளிசரைடு அதிகமாகவும் இருந்தன, எல்.டி.எல். உயர்ந்திருந்தவர்கள் 11.8 விழுக்காட்டினரே.

எச்.டி.எல். ‘நல்ல கொழுப்பு’ என்பதால் அதை ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதும் சரியாகாது. அதை மருந்தால் உயர்த்திய பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவை மாரடைப்பைக் குறைத்துக் காட்டவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்தின் ஆய்வு, இறப்புகள் கூடியதால் 2006இல் பாதியில் நிறுத்தப்பட்டது. எச்.டி.எல். குறைவு ஒரு எச்சரிக்கை. சிகிச்சையின் இலக்கு எல்.டி.எல்.தான்.

படி 4: ரத்தக்குழாயில் நடப்பதையும் கல்லீரலின் வேலையையும் புரிந்துகொள்ளுதல்

‘குழாயில் கொழுப்பு அடைத்துக்கொண்டது’ என்று சொல்லும்போது சமையலறைத் தொட்டியின் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியதைப் போன்ற ஒரு படம் மனத்தில் எழுகிறது. நடப்பது வேறு. எல்.டி.எல். துகள்கள் ரத்தக்குழாயின் உட்பூச்சைக் கடந்து சுவருக்கு உள்ளே புகுந்து சிக்கிக்கொள்கின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறி விழுங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது சுவருக்குள் ஒரு கொழுப்புத் திட்டு வளர்கிறது. பெரும்பாலான மாரடைப்புகள், அந்தத் திட்டு திடீரென்று வெடித்து, அதன்மீது ரத்தம் உறைந்து குழாயை அடைப்பதால் நேர்பவை. அந்த நாள் வரும்வரை வலியோ மயக்கமோ எதுவும் இல்லாமல் இருக்கலாம். ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்ற உணர்வை இந்த விஷயத்தில் ஆதாரமாகக் கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். மூளைக்குச் செல்லும் குழாயில் நடந்தால் அது பக்கவாதம்; காலுக்குச் செல்லும் குழாயில் நேர்ந்தால், சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து நிற்க வைக்கும்.

ரத்தத்தில் எல்.டி.எல். எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைத் தீர்மானிப்பது கல்லீரல். கல்லீரல் அணுக்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உள்ளன. இதைக் கண்டுபிடித்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிகளை நினைவில் வைத்துக்கொண்டால் இனி வருபவை எல்லாம் எளிது. நிறைவுற்ற கொழுப்பு அவற்றின் செயலைக் குறைக்கிறது. தைராய்டு குறைவும் அப்படியே. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் என்ற மருந்து அவற்றைப் பெருக்குகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அவை பழுதுபட்டிருக்கின்றன.

மாறாக, சிலருக்கு ஏற்பிகளை அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் பிறவியிலேயே குறைவு. அத்தகைய கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 விழுக்காடுதான் குறைந்திருந்தது. இதய ரத்தக்குழாய் நோயோ 88 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஐம்பது வயதில் மாத்திரையால் அதே அளவு குறைத்தால் அத்தனை பலன் கிடைப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் சற்றுக் குறைவாக இருந்ததுதான் அவர்களைக் காத்தது. எல்.டி.எல். எவ்வளவு என்பதோடு எத்தனை ஆண்டுகள் என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்; முப்பது வயதில் 150 என்று இருப்பதை ‘இப்போது என்ன அவசரம்’ என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

படி 5: தனக்குரிய இலக்கை அறிதல்

எல்.டி.எல். 110 என்பது நலமாக உள்ள ஒருவருக்கு உணவைக் கவனிக்க வேண்டிய எண். சர்க்கரை நோயாளிக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படும் எண். அடைபட்ட இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கோ இலக்கைப் போல இரு மடங்கு. இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஆபத்து குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். 100க்குக் கீழும், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றால் அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கு 70க்குக் கீழும், மாரடைப்பு, பக்கவாதம் ஏற்கெனவே வந்தவர்களைப் போன்ற மிக அதிக ஆபத்தினருக்கு 55க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கின்றன. எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ராலுக்கான இலக்கு இவற்றோடு 30ஐக் கூட்டினால் கிடைக்கும்.

ஆகவே மருத்துவரிடம் அறிக்கையை நீட்டும்போதே சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும்: சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உண்டா, புகை பிடிக்கும் பழக்கம் உண்டா, தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்ததா. இவற்றோடு, எல்.டி.எல்.லைப் போன்ற இன்னொரு துகளை அளக்கும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற சோதனையை வாழ்வில் ஒரு முறையாவது செய்துகொள்ளுமாறும் அந்த வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. அது மரபு வழியாகவே பெரிதும் தீர்மானிக்கப்படுவதால் அடிக்கடி பார்க்கத் தேவையில்லை.

படி 6: ஒளிந்திருக்கும் காரணத்தைத் தேடுதல்

எல்.டி.எல். எதிர்பாராமல் உயர்ந்திருந்தால், உணவைக் குறை சொல்லும் முன் தைராய்டு குறைவைக் காட்டும் டி.எஸ்.எச். சோதனை செய்துகொள்வது நல்லது. தைராய்டு குறைவால் ஏறிய கொலஸ்ட்ரால், தைராய்டு மாத்திரையாலேயே பெருமளவு இறங்கிவிடும். சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய், பித்தக்குழாய் அடைப்பு, கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் லிப்பிட் எண்களைக் குலைக்கும்.

190க்கு மேற்பட்ட எல்.டி.எல்., குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் தடிப்பு, 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெண்வளையம் ஆகியவை பிறவியிலேயே வரும் உயர் கொலஸ்ட்ரால் நோயைச் சுட்டலாம். ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது; மெலிந்த உடலும் சைவ உணவும் இதைத் தடுப்பதில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு என்பதால், பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சோதனை செய்தே ஆக வேண்டும்.

படி 7: சமையலறையில் எதை மாற்றுவது

எண்ணெயிலிருந்து தொடங்கலாம். நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல், நெய்யில் ஏறக்குறைய 60, பாமாயிலில் 40க்கும் மேல். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 20க்கும் குறைவு. தேங்காய் எண்ணெய் மரபானது என்பதால் தீங்கற்றது என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான பகுப்பாய்வின்படி, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்.டி.எல்.லை ஏறக்குறைய 10 மில்லிகிராம் உயர்த்துகிறது. இதற்காக இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியே கூடாது என்று சொல்ல மாட்டேன். நான்கு பேர் பகிரும் அரை மூடித் தேங்காயும், தினமும் பொரிக்கவும் தாளிக்கவும் ஊற்றும் எண்ணெயும் ஒன்றல்ல. நியாயவிலைக் கடைப் பாமாயிலைப் பொறுத்தவரை, விலையை நினைத்தால் பல குடும்பங்களுக்கு மாற்று எளிதன்று. அங்கே எண்ணெயை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதே நடைமுறைக்கு உகந்தது. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு.

வனஸ்பதியில் செய்த பஃப்ஸ், பிஸ்கட் வகைகளிலும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்தவற்றிலும் உள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்குகிறது. 2022 முதல் எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் அதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. டீக்கடை வாணலியில் மூன்றாம் நாளாகக் கொதிக்கும் எண்ணெயை அந்த விதி எட்டிப் பார்ப்பதில்லை.

கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. இழந்த பித்த அமிலங்களைத் திரும்பச் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தேவைப்படுவதால், அது ஏற்பிகளை அதிகமாக்கி ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. கொண்டைக்கடலைச் சுண்டல், தட்டைப்பயறு, கொள்ளு, வெண்டைக்காய், ஊறவைத்த வெந்தயம், ஓட்ஸ், கொய்யா ஆகியவை இதற்கு உதவும். பூண்டும் வெந்தயமும் உணவாக இருக்கட்டும். மருந்தின் இடத்தில் அவற்றை வைக்க வேண்டாம்.

டிரைகிளிசரைடு உயர்ந்தவர்களின் கதை வேறு. அவர்கள் எண்ணெயை எவ்வளவு குறைத்தாலும், மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறும் இட்லியும் தோசையும், இடையில் சர்க்கரை போட்ட காபியும் தொடர்ந்தால் எண் இறங்காது; மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாகத்தான் மாற்றுகிறது. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பருப்பு, கீரை, காய், மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை வைப்பதும், மதுவை நிறுத்துவதும் சில வாரங்களிலேயே பலன் தரும். வேக நடையும் எடைக் குறைப்பும் டிரைகிளிசரைடில் நன்றாக எதிரொலிக்கும், எல்.டி.எல்.லில் அவ்வளவாக இல்லை. புகைப்பதை நிறுத்துவதன் பலனை இந்த அறிக்கையில் பெரிதாகத் தேட வேண்டாம். மாரடைப்பு ஆபத்தில் அது பெரியது.

படி 8: மருந்தை அச்சமின்றி, கவனத்துடன் அணுகுதல்

ஜப்பானின் அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டேட்டினைப் பிரித்தெடுத்தார். அந்த வகையில் லோவாஸ்டேட்டின் 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பை அது தடுக்கிறது. தட்டுப்பாட்டை உணரும் கல்லீரல் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. இன்று பெரும்பாலும் எழுதப்படுபவை அட்டோர்வாஸ்டேட்டினும் ரோசுவாஸ்டேட்டினும். உயர் அளவில் அவை எல்.டி.எல்.லைப் பாதிக்கு மேல் குறைக்கும். அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக ஏறக்குறைய 6 விழுக்காடுதான் குறையும் என்பதால், இலக்கை எட்டாதவர்களுக்கு, குடலில் உறிஞ்சுதலைத் தடுக்கும் எசெடிமைப் மாத்திரையை மருத்துவர் சேர்க்கக்கூடும்.

தசைவலி வரும் என்ற அச்சத்தால் மாத்திரையை நிறுத்துபவர்கள் ஏராளம். பக்கவிளைவு காரணமாக முன்பே ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேரை வைத்துப் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. நான்கு மாதங்கள் ஸ்டேட்டின், நான்கு மாதங்கள் வெற்று மாத்திரை, நான்கு மாதங்கள் எதுவுமின்றி என்று மாறி மாறிக் கொடுத்தார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் தொந்தரவின் அளவு 8. வெற்று மாத்திரையில் 15.4, உண்மையான ஸ்டேட்டினில் 16.3. அதாவது தொந்தரவின் பெரும்பகுதி, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணத்திலிருந்தே வந்தது. முடிவைத் தெரிந்துகொண்டபின் அவர்களில் பாதிப் பேர் மீண்டும் ஸ்டேட்டினைத் தொடங்கினார்கள். வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. வலி உண்மை, காரணம் வேறு.

உண்மையான பாதிப்புகளும் உண்டு. கடுமையான தசைவலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இது மிக அரிது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை சிறிது உயரலாம். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளோடு சில ஸ்டேட்டின்கள் ஒத்துப்போகா என்பதால், காய்ச்சலுக்கு வேறொரு மருத்துவரைப் பார்க்கும்போதும் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலைக் காட்ட வேண்டும்.

படி 9: மறுசோதனை

மருந்து தொடங்கிய அல்லது அளவு மாற்றிய 4 முதல் 12 வாரங்களில் மறுசோதனை செய்ய வேண்டும். பிறகு நிலைமைக்கேற்ப 3 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறை போதும். அந்த மறுசோதனையில் எல்.டி.எல். 160இலிருந்து 78க்கு வந்திருந்தால் ‘குணமாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்துவதுதான் மிகப் பரவலான தவறு. 78 என்பது மாத்திரையோடு சேர்ந்த எண். அதை நிறுத்தினால் கல்லீரலின் ஏற்பிகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பி, சில வாரங்களில் அறிக்கையில் மறுபடியும் 160 வந்து நிற்கும்.